மீட்டர் சக்கரம் எண்ணிய கோடை

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். புத்தி சாவகாசமாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் வரும். இதைப் பெற்றவளும் சொன்னாள், கட்டியவரும் சொன்னார். நான் ரொம்ப நாள் ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டது அறுபதுகளின் தொடக்கத்தில், ஒரு கத்திரி வெயில் காலத்தில், ஒரு சீலிங் ஃபேன் செய்த வேலையால்.

அப்போது புத்தூரில் ஒரு வீட்டின் பின்பாதியில் வாடகைக்கு இருந்தோம். ஒரு கூடம், அதை ஒட்டிக் கதவில்லாத சமையலறை, பாய் விரித்தால் நிறைந்துவிடும் ஒரு அறை. வீட்டில் மூன்று பேர். நான், பொன்மலை ரயில்வே பட்டறையில் எலெக்ட்ரிகல் பிரிவில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், பிறகு அவருடைய அப்பா. மாமியார் எங்கள் கல்யாணத்துக்கு முன்பே தவறிவிட்டார். கூடத்து நடுவில் எங்கள் ஒரே ஆடம்பரம், அந்த ஃபேன். சுவரில் அதன் ரெகுலேட்டர், ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டு, கனமான கறுப்புக் குமிழோடு இருக்கும். திருப்பினால் டக்கென்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்.

மாமா கூட்ஸ் ஷெட்டில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நான் காய் நறுக்க உட்கார்ந்தால் அவர் பேப்பரை எடுத்துக்கொண்டு எதிரே உட்காருவார். கோர்ட்டு சேதி, சினிமா விளம்பரம், காணாமல் போனவர் அறிவிப்பு என்று ஒன்று விடாமல் உரக்கப் படிப்பார். "இவன் போட்டோவைப் பார்த்தா காணாமப் போறவன் மாதிரியா இருக்கு?" என்று என் முகத்துக்கு நேரே பேப்பரை நீட்டுவார். எனக்கு வேலை கெடுகிறது என்று அலுத்துக்கொள்வேன். ஆனால் அவர் ஒரு பக்கத்தைத் தாண்டிவிட்டால், "அதுல ஒண்ணும் இல்லையா மாமா?" என்று நானே கேட்பேன்.

எங்களுக்குள் ஒரே ஒரு விஷயத்தில்தான் போர். சமையலறையில் மண்ணெண்ணெய் ஸ்டவ். ஃபேன் மூன்றில் ஓடினால் ஸ்டவ்வின் சுடர் ஆடும். ஐந்தில் ஓடினால் அணைந்தே போகும். ஆகவே ஸ்டவ் எரியும்போது ஃபேன் ஓடக்கூடாது என்பது என் சட்டம். வெயிலிலிருந்து வந்தவன் முதலில் ஃபேனைப் போட வேண்டும் என்பது அவர் சட்டம். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை டக், டக்கென்று அந்தக் குமிழ் திரும்பும். நான் நிறுத்துவேன், அவர் போடுவார். நான் முறைப்பேன், அவர் பேப்பருக்குள் முகத்தை வைத்துக்கொள்வார்.

அந்தக் கத்திரியில் ஒரு நாள் அவருக்கு முறுக்கு தின்ன ஆசை வந்தது. அரிசியை ஊற வைத்து, உலர்த்தி, மாவு மெஷினில் கொடுத்து அரைத்து வந்தேன். அரைத்த மாவு கொதிக்கக் கொதிக்க இருக்கும், அப்படியே டப்பாவில் அடைத்தால் கட்டி தட்டிவிடும். அதனால் கூடத்தில் பழைய பேப்பர்களை விரித்து அதில் பரப்பி ஆற விட்டிருந்தேன். பிசைய வெண்ணெய் இல்லை. "நான் போய் வாங்கிட்டு வரேம்மா" என்று அந்த மண்டை பிளக்கும் வெயிலில் மாமாவே கிளம்பினார்.

திரும்பி வந்தவருக்குக் கண் இருட்டியிருக்க வேண்டும். ஒரு கையில் இலையில் கட்டிய வெண்ணெய். இன்னொரு கையால் தடவிக் குமிழைப் பிடித்து நேராக ஐந்தில் வைத்தார். ஃபேனுக்கு அடியில் போய் நின்று, கண்ணை மூடி, "அப்பாடா" என்றார். கூடம் முழுக்க மாவு எழும்பியது. கண்ணைத் திறந்தபோது அவருடைய மீசை, புருவம், சட்டை எல்லாம் வெள்ளை. இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு வரவில்லை.

"ஏன் மாமா, இந்த ஃபேன் காத்து உங்களுக்குப் பத்தலைன்னா, ஸ்ரீரங்கத்துல உங்க பெரிய பிள்ளை வீட்டுல ஏர்கண்டிஷன் ரூமே இருக்கே. அங்க போய் சுகமா உக்கார வேண்டியதுதானே?"

 அவர் ஃபேனை நிறுத்தினார். வெண்ணெயைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். பிறகு குனிந்து, ஒரு அட்டையை வைத்துக்கொண்டு என்னோடு சேர்ந்து மாவை வழித்தார். மறுநாள் காலை கையில் ஒரு பையோடு வந்து நின்றார். "பெரியவன் ரொம்ப நாளா கூப்பிட்டுக்கிட்டே இருக்கான். கொஞ்ச நாள் இருந்துட்டு வரேம்மா" என்றார். முந்தைய நாள் அத்தனை வேகமாக ஓடிய வாய், போகாதீங்க மாமா என்று சொல்ல மட்டும் திறக்கவில்லை. பஸ் ஏறிப் போய்விட்டார்.

ஸ்ரீரங்கத்து ஏர்கண்டிஷனைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மூத்தார், அதாவது வீட்டுக்காரருடைய அண்ணன், கட்டட கான்ட்ராக்டர். மதராஸில் ஏதோ ஒரு கம்பெனி ஆபீஸை மூடியபோது ஏலத்தில் எடுத்த மெஷின் அது. அதற்காக வீட்டுச் சுவரை உடைத்தார்கள். தனியாகத் தடித்த வயர் இழுத்தார்கள். முதன்முதலில் ஓட விட்ட நாளில் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போயிற்று. அது உறுமிக்கொண்டு கிளம்பும்போது கூடத்து பல்பு ஒரு கணம் சிவந்து மங்கும். வருகிற விருந்தாளிகளை அந்த அறைக்குள் உட்கார வைத்து, சித்திரை மாதத்தில் போர்த்திக்கொள்ளக் கம்பளி கொடுத்து உபசரிப்பார் மூத்தார். நான் அதைச் சொல்லிச் சொல்லிக் கேலி செய்திருக்கிறேன். அப்பா வந்ததும் அந்த அறையை அப்படியே அவருக்கு விட்டுக்கொடுத்தாரே, அது மட்டும் என் கேலியில் இடம்பெறவில்லை.

நான் சொன்ன வார்த்தை என் வீட்டுக்காரருக்குத் தெரியாது. அப்பா குளிருக்கு ஆசைப்பட்டுப் போய்விட்டார் என்றே அவர் நினைத்தார். அதிலேயே அவருக்குப் பாதி ரோஷம். மீதி ரோஷம் அண்ணன் அடித்த பெருமையால் வந்தது. "என்னடா பெரிய கரண்ட்? ரெண்டு ஃபேன் சாப்பிடறதைத்தான் இது சாப்பிடுது. ரூம் குளிர்ந்ததும் தானா நின்னு ரெஸ்ட் எடுத்துக்கும்" என்று சொன்னாராம்.

"ரெண்டு ஃபேனாம்! யார்கிட்ட சொல்றார்?" என்று வீட்டுக்காரர் கூடத்தில் நின்று சிரித்தார். உடனே ஒரு ஸ்டூலைப் போட்டு மீட்டர் முன்னால் ஏறினார். அதன் கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம் படுத்தவாக்கில் சுற்றும், விளிம்பில் ஒரு சிவப்புக் கோடு. அந்தக் கோடு போய்த் திரும்பி வந்தால் ஒரு சுற்று. கரண்ட் அதிகம் இழுத்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும், அவ்வளவுதான் கணக்கு. எல்லா விளக்கையும் நிறுத்தச் சொல்லி, ஃபேனை மட்டும் ஓட விட்டார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சிவப்புக் கோடு ஒரு நிமிஷத்துக்கும் மேலே எடுத்துக்கொண்டு, பெருமாள் கோயில் யானை தெருவில் நடப்பது மாதிரி நிதானமாக வந்து சேர்ந்தது. "பாத்தியா? ஒரு பல்பு எரியற மாதிரிதான்" என்றார்.

எனக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. மாமா திரும்பி வர வேண்டும். ஆனால் நான் போய், தப்பாப் பேசிட்டேன் மாமா என்று நிற்கக் கூடாது. அதற்கு ஒரே வழி, அந்த மெஷின் கரண்ட் தின்னும் பூதம் என்று நிரூபிப்பது. நிரூபித்துவிட்டால் மூத்தாரே அதை மூட்டை கட்டுவார், மாமாவும் நம் ஃபேனுக்கடியில் வந்துவிடுவார், என் வாயும் தப்பிக்கும். "நீங்க போய் எண்ணிப் பாருங்க. ரயில்வேயில எலெக்ட்ரிகல்ல இருக்கீங்க, உங்ககிட்டயே கதை விடறார்" என்று ஏற்றிவிட்டேன். ஏறிவிட்டது.

பொன்மலைச் சங்கு ஊதியதும் எல்லா சைக்கிளும் வீட்டுப் பக்கம் திரும்பும். எங்கள் வீட்டு சைக்கிள் மட்டும் காவேரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போகும். வாரத்தில் மூன்று நாளாவது போவார். அண்ணன் வீட்டு வாசலை ஒட்டிய ரேழியில் ஸ்டூல் போட்டு ஏறி, மீட்டர் முன் நின்று எண்ணுவார். ஒரு நோட்டுப் புத்தகமே போட்டுவிட்டார். எங்கள் சக்கரம் ஒரு சுற்று வரும் நேரத்தில் அங்கே கிட்டத்தட்ட முப்பது சுற்று. அதுகூடப் பெரிசில்லையாம். அறை குளிர்ந்ததும் மெஷினின் உறுமல் நின்று, சக்கரம் மெல்லச் சுற்ற ஆரம்பிக்க வேண்டுமாம். இவர் ஒரு மணி நேரம் நின்றாலும் மெஷின் நிற்கவில்லை. சக்கரம் பம்பரமாகச் சுற்றியது.

"மெஷின்ல கோளாறு. ரெஸ்டே எடுக்கலை" என்று தீர்ப்பு சொன்னார்.

"பகல்லெல்லாம் ஒழுங்கா நிக்குதுடா. நீ வர்ற நேரத்துலதான் இப்படி" என்றார் அண்ணன்.

"ஆமாமா, என்னைக் கண்டா அதுக்கு ஆகாது" என்றார் தம்பி.

இரண்டு பேரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். மூத்தார் மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். அவன் பிரித்துப் போட்டுப் பார்த்து, பூட்டி, எந்தக் கோளாறும் இல்லை என்று காபி குடித்துவிட்டுப் போனான். இவர் மறுநாள் போய் எண்ணினார். அதே முப்பது.

ஒவ்வொரு தடவை திரும்பி வந்ததும் நான் கேட்பேன். "மாமா எப்படி இருக்கார்?"

"நல்லா இருக்கார். உன்னைக் கேட்டார்."

"என்ன கேட்டார்?"

"நீ வந்திருக்கியான்னு."

மரியாதைக்குக் கேட்டிருப்பார் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், நான் எதையும் விட்டுவிடவில்லை. காலையில் பேப்பர் வந்து மடிப்புக் கலையாமல் கிடந்தது. நானே எடுத்து உரக்கப் படித்துப் பார்த்தேன், அசட்டுத்தனமாக இருந்தது. ஃபேன் என் இஷ்டப்படி நின்றது, ஸ்டவ் ஒரு ஆட்டம் ஆடாமல் நேராக எரிந்தது. இரண்டு வருஷமாக நான் சண்டை போட்டுக் கேட்ட சுடர் அதுதான். அதைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வழித்தெடுத்த மாவு டப்பாவில் அப்படியே இருந்தது. யாருக்கு முறுக்கு சுடுவது?

மூன்று வாரம் ஓடிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், "நானும் வரேங்க" என்றேன். வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டார். கடிகாரம் பிடிக்க ஆள் கிடைத்தது என்று நினைத்திருப்பார். பஸ்ஸில் வழி நெடுக நோட்டைப் புரட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒரு எண்ணும் மண்டையில் ஏறவில்லை.

போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். மூத்தார் வெளியே போயிருந்தார். வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றியதும் நேராக ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ரேழிக்குப் போய்விட்டார். என் ஓரகத்தி, மூத்தார் மனைவி, கூடத்தில் என்னை உட்கார வைத்துக் காபி கொடுத்தார்.

"மாமா எங்கக்கா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உள்ளதான் இருக்காங்க. இந்த நேரத்துல ரூமிலேயேதான் இருப்பாங்க, யாராவது கூப்பிட்டாத்தான் வெளியில வருவாங்க. இரு, விளக்கேத்திட்டு வந்துடறேன்" என்று சாமி அறைக்குப் போனார். போகிற போக்கில் வாசல் கதவின் இரண்டு பக்கத்தையும் அகலத் திறந்து, கொல்லைக் கதவைச் சாத்தினார். விளக்கு வைக்கிற நேரத்தில் எல்லா வீட்டிலும் நடப்பதுதான்.

ஏர்கண்டிஷன் அறையின் கதவு கூடத்தைப் பார்த்து இருந்தது. குளிர் கசியாமலிருக்க மூத்தார் அதன் மேல் ஒரு பெரிய ஜமுக்காளத்தைக் கூடத்துப் பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார். கதவே கண்ணுக்குத் தெரியாது. அதன் அடியில் வீட்டுப் பூனை சொகுசாக நீட்டிப் படுத்திருந்தது. நான் சுவரோரம் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து காபியை ஆற்றினேன். இரண்டு வாய் குடித்திருப்பேன். உள்ளங்கால் சில்லிட்டது.

கத்திரியில் தரை சுடும், சில்லிடாது. காலைக் கொஞ்சம் இழுத்துக்கொண்டேன், சில்லிப்பு இல்லை. நீட்டினேன், இருந்தது. பூனையைப் பார்த்தேன். ஜமுக்காளத்தைப் பார்த்தேன். அது தரைக்கு ஒரு சாண் மேலேயே முடிந்துவிட்டது. அந்த ஒரு சாணில் குளிர் ஆறாகக் கூடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ஜமுக்காளத்துக்குப் பின்னால் கதவு திறந்து கிடக்கிறது!

ரேழியில் என் வீட்டுக்காரர் ஸ்டூல் மேல் நின்று, "இருபத்தெட்டு, இருபத்தொம்பது" என்று எண்ணிக்கொண்டிருந்தார். மூன்று வாரமாக மீட்டரைப் பார்த்தவர் ஒரு நாளாவது தரையில் உட்கார்ந்திருந்தால் விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

டம்ளரை வைத்துவிட்டு ஜமுக்காளத்தை விலக்கினேன். கதவு மலரத் திறந்திருந்தது. அதற்குச் சற்று உள்ளே, நாற்காலியை நிலைப்படி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு மாமா உட்கார்ந்திருந்தார். தலையில் மப்ளர், மேலே கம்பளி. பின்னால் மெஷின் பேய் மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. மப்ளரைச் சுற்றியிருந்தாரே தவிர, கூடத்துப் பக்கம் இருந்த காதை மட்டும் மூடாமல் விட்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"வாம்மா. அந்த மாவுல எவ்வளவு வீணாப் போச்சு?"

இதுதான் முதல் கேள்வி.  "முக்காவாசி இருக்கு மாமா. சலிச்சு வச்சிருக்கேன்" என்றேன். பிறகு, சொல்ல வேறெதுவும் வராமல், "ஏன் மாமா, கதவைத் திறந்து போட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க? மெஷின் நிக்காம ஓடுதே" என்றேன்.

"விளக்கு வைக்கிற நேரத்துல கதவைச் சாத்தி வைக்கக் கூடாதும்மா."

"அது வாசக் கதவுதானே மாமா?"

அவர் மப்ளரின் நுனியைப் பிடித்துச் சுருட்டினார், விரித்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"சாத்திட்டா இந்த மெஷின் சத்தத்துல வெளியில யாரு வந்தாலும் காதுல விழல. அவன் சாயங்காலத்துலதானே வரான். ஒரு நாள் அவன்கூட நீயும் வருவே. வந்து கூப்பிட்டா எனக்குக் கேக்கணுமில்ல?"

நான் அழுதுவிட்டேன். எனக்கு அழுகை சத்தமில்லாமல் வராது, அன்றைக்கு மெஷின் சத்தம் காப்பாற்றியது. "நான் பேசினது தப்பு மாமா. வீட்டுக்கு வாங்க" என்றேன். மூன்று வாரமாக ஒரு ஆளை சைக்கிள் மிதிக்க வைத்து, ஒரு நோட்டு நிறைய எண் எழுத வைத்து, அண்ணன் தம்பிக்குள் மூட்டிவிட்டுத் தப்பிக்கப் பார்த்தது இந்த ஐந்தாறு வார்த்தையிலிருந்துதான்.

மாமா கம்பளியை மடித்து நாற்காலியில் வைத்தார். சுவரிலிருந்த ஸ்விட்சை அணைத்தார். உறுமல் நின்றது.

"நின்னுடுச்சு!" என்று ரேழியிலிருந்து என் வீட்டுக்காரர் கத்தினார். "சக்கரம் நின்னுடுச்சு! யாராவது மெஷினைத் தொட்டீங்களா?"

கதவு விஷயத்தை நான் அவரிடம் சொல்லவில்லை, மாமாவும் சொல்லவில்லை. வெளியே போய்விட்டுத் திரும்பிய மூத்தாரிடம் மட்டும், மாமா எங்க கூட இருக்கட்டும், உங்க ரூம்ல ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் மாமா கிளம்பிய மறுநாளிலிருந்து மெஷின் சாயங்காலத்திலும் ஒழுங்காக ரெஸ்ட் எடுக்க ஆரம்பித்துவிட்டது. மெக்கானிக்கின் கைராசி என்று அவனுக்கு ஒரு வேட்டி எடுத்துக் கொடுத்தாராம். கோளாறு இருந்து சரியாயிற்று என்று தம்பியும் ஒத்துக்கொண்டார். அந்த நோட்டை அவர் ரொம்ப காலம் பத்திரமாக வைத்திருந்தார். ஏர்கண்டிஷன் வாங்கப் போகிறேன் என்று யார் வந்து சொன்னாலும் அதை எடுத்துக் காட்டிப் பயமுறுத்துவார். அதிலிருந்த ஸ்ரீரங்கத்துக் கணக்கு முழுக்க ஒரு திறந்த கதவின் கணக்கு என்று எனக்கும் மாமாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

மாமா திரும்பி வந்த மறுநாள் மத்தியானம் முறுக்குக்கு ஸ்டவ்வில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மாமா வெளியே போய்விட்டு வெயிலில் வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பழக்கத்தில் கை குமிழ் வரை போயிற்று, தொடவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, "ஸ்டவ் எரியுதாம்மா? ஃபேனைப் போடலாமா?" என்று கேட்டார்.

என்னைக் கேட்காமல் டக்கென்று போடுகிற அந்த மனிதரை நான் ஸ்ரீரங்கத்திலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். அன்றைக்கு மட்டுமல்ல, அவர் இருந்த வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போட்டார். எத்தனையோ தடவை, கேட்காதீங்க மாமா என்று சொல்லிப் பார்த்தேன், சரிம்மா என்பார். மறுநாள் கேட்பார்.

மாவுக் கையோடு கூடத்துக்கு ஓடினேன். குமிழை ஒரே திருப்பில் ஐந்தில் வைத்தேன். அவர் ஃபேனுக்கடியில் வந்து நின்று கண்ணை மூடினார். சமையலறையில் ஸ்டவ் அணைந்தது. திரும்பிப் போய் இன்னொரு தீக்குச்சியைக் கிழித்தேன்.